பேட்டரிக்கு மறுவாழ்வு: தில்லியில் விதிகள் எட்டாத ஒரு தொழில்

புது தில்லி: தலைநகர் தில்லியில் மெட்ரோ ரயில் நிலைய வாசல்களிலும், யமுனைக்குக் கிழக்கே உள்ள நெரிசலான குடியிருப்புகளிலும் ஓடும் இ-ரிக்ஷாக்களின் இருக்கைக்கு அடியில் பெரும்பாலும் நான்கு பேட்டரிகள் இருக்கும். ஓட்டுநருக்கு அன்றாட வருமானம் தருவதும் அவைதாம். ஆண்டுக்கு ஒரு முறையேனும் அவரைக் கடனாளியாக்குவதும் அவைதாம். இந்த பேட்டரிகளைப் பராமரித்து, தளர்ந்தவற்றைச் சீர்செய்து, ஆயுளைச் சில மாதங்கள் கூட்டித் தருவது ஒரு தனித் தொழிலாக வேரூன்றியுள்ளது.

குறைந்த முதலீட்டில் தொடங்கக்கூடிய தொழில் இது. முறையாகச் செய்தால் ஓட்டுநருக்கும் லாபம், பட்டறைக்காரருக்கும் லாபம். முறைகேடாகச் செய்தாலோ, ஈயமும் அமிலமும் குடியிருப்புகளின் மண்ணிலும் சாக்கடையிலும் கலக்கும். இவ்விரண்டுக்கும் இடையே கோடு கிழிக்க வேண்டிய அரசு விதிகள், பெரிய நிறுவனங்களை மனத்தில் கொண்டே எழுதப்பட்டுள்ளன. தெருமுனைப் பட்டறைக்கு அவை எட்டாத தூரத்தில் உள்ளன என்பதுதான் பிரச்னையின் மையம்.

சட்டத்துக்கு முன்பே வந்த வாகனம்

2010-ம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை ஒட்டிய காலத்தில் தில்லி சாலைகளில் பரவலாகத் தென்படத் தொடங்கியவை இ-ரிக்ஷாக்கள். பதிவு எண்ணோ ஓட்டுநர் உரிமமோ இன்றி ஓடிய அவற்றை முறைப்படுத்தப் போவதாக, 2014 ஜூனில் ராம்லீலா மைதானத்தில் நடந்த கூட்டத்தில் மத்திய சாலைப் போக்குவரத்துத் துறை அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்தார். ஆனால், விபத்து ஒன்றைத் தொடர்ந்து, அதே ஆண்டு ஜூலை 31-ம் தேதி தில்லி உயர் நீதிமன்றம் இ-ரிக்ஷாக்களுக்குத் தடை விதித்தது. பின்னர் மத்திய அரசு விதிகளைத் திருத்தியது. 2015-ல் மோட்டார் வாகனச் சட்டமே திருத்தப்பட்டது. 4,000 வாட்டுக்கு மிகாத திறன், மணிக்கு 25 கி.மீ. வேகம், நான்கு பயணிகள் என்ற வரையறைக்குள் இந்த வாகனம் சட்டபூர்வமானது.

வண்டிக்கும் ஓட்டுநருக்கும் விதிகள் வந்தன. அதன் பேட்டரி எங்கே சார்ஜ் ஏற்றப்படும், யார் பராமரிப்பார், ஆயுள் முடிந்ததும் யார் கைக்குப் போகும் என்ற கேள்விகள் அந்த விவாதத்தில் பின்தங்கிவிட்டன.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. தில்லியின் காற்றைச் சுத்தப்படுத்தும் முயற்சியில் முதலில் வெளியேற்றப்பட்ட நஞ்சுகளுள் ஒன்று ஈயம். ஈயம் கலந்த பெட்ரோல் 1998-ல் தில்லியிலும், 2000-ம் ஆண்டில் நாடு முழுவதிலும் கைவிடப்பட்டது. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி தில்லி பஸ்கள் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. புகையில்லா வாகனம் என்று வரவேற்கப்பட்ட இ-ரிக்ஷாவோ, அதே ஈயத்தைப் பேட்டரி வடிவில் திரும்பக் கொண்டு வந்திருக்கிறது. புகைபோக்கியில் இல்லாத நஞ்சு, பட்டறையில் சேர்கிறது.

பேட்டரி ஏன் விரைவில் ஓய்கிறது?

ஈய-அமில பேட்டரி புதிய கண்டுபிடிப்பு அன்று. பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே 1859-ல் உருவாக்கியது. ஈயத் தகடு, ஈய டையாக்சைடு பூசிய தகடு, இரண்டுக்கும் நடுவே நீர் கலந்த கந்தக அமிலம் என்பதே இன்றும் அதன் அடிப்படை. ஓர் அறைக்கு 2 வோல்ட் வீதம் ஆறு அறைகள் சேர்ந்தால் 12 வோல்ட் பேட்டரி. இவ்வாறான நான்கு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 48 வோல்ட்டில் ஓடுகிறது இ-ரிக்ஷா. நான்கும் சேர்ந்து நூறு கிலோ எடையைத் தொடக்கூடியவை. அந்த எடையில் பாதிக்கும் மேல் ஈயம்.

மின்சாரத்தை வெளியிடும்போது இரு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. அமிலம் நீர்த்துப் போகிறது. சார்ஜ் ஏற்றும்போது இது தலைகீழாக நடந்து பேட்டரி பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆனால், சார்ஜ் இறங்கிய பேட்டரியை நாள் கணக்கில் அப்படியே விட்டால், மென்மையாக இருந்த சல்பேட் படிகம் கெட்டிப்பட்டுப் போகிறது. பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அது முழுமையாகக் கரைவதில்லை. பேட்டரிகள் காலத்துக்கு முன்பே ஓய்ந்து போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இ-ரிக்ஷா ஓட்டுநர் இந்தத் தவறுகள் அனைத்தையும் செய்ய வேண்டிய நிலையில் இருக்கிறார். கடைசிச் சவாரி வரை வண்டியை ஓட்டுவதால், 12 வோல்ட் பேட்டரி 10.5 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்த அளவுக்குக் கீழே போவது தகடுகளுக்குக் கேடு. இரவில் மலிவான சார்ஜரில் எட்டு முதல் பத்து மணி நேரம் மின்சாரம் ஏற்றப்படுகிறது. பேட்டரி நிறைந்ததும் மின்னோட்டத்தைக் குறைக்காத சார்ஜராக இருந்தால், உள்ளே உள்ள நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறுகிறது. தகடுகளின் மேல்பகுதி வறண்டு போகிறது. தில்லியின் கோடையில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸை எட்டுவது வழக்கம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பேட்டரித் துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு.

நான்கு பேட்டரிகளும் தொடர் இணைப்பில் இருப்பதால் மற்றொரு சிக்கலும் சேர்கிறது. நான்கில் ஒன்று தளர்ந்தாலும் வண்டி தளர்ந்துவிடும். அந்த ஒன்று முன்கூட்டியே காலியாகி, மற்ற மூன்றின் உழைப்பையும் வீணாக்கும். குறை ஒன்றில் இருக்க, நான்கையும் கழித்துவிட்டுப் புதிய தொகுப்பை வாங்குவோர் உண்டு. புதிய தொகுப்பின் விலையோ சாதாரண ஓட்டுநரின் ஒரு மாத வருமானத்தைத் தாண்டிவிடும்.

சீர்செய்தல்: முடிவதும் முடியாததும்

இங்கேதான் பேட்டரி பராமரிப்பாளருக்கு வேலை இருக்கிறது. அவருக்கு வேண்டிய கருவிகள் அதிகமில்லை. அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர், வோல்ட் மீட்டர், சுமை கொடுத்துச் சோதிக்கும் கருவி, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய தரமான சார்ஜர், காய்ச்சி வடித்த நீர், ரப்பர் கையுறை, கண் கவசம், காற்றோட்டமுள்ள இடம் ஆகியவையே அடிப்படைத் தேவை.

வேலை சோதனையில் தொடங்குகிறது. முழுமையாகச் சார்ஜ் ஏறிய அறையில் அமிலத்தின் அடர்த்தி ஏறக்குறைய 1.28 இருக்க வேண்டும். ஆறு அறைகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.05-க்கும் மேல் குறைந்து காட்டினால், அந்த அறையில் கோளாறு என்று பொருள். எல்லா அறைகளும் ஒரே சீராகக் குறைந்திருந்தால், அது பெரும்பாலும் சல்பேட் படிவு அல்லது போதிய சார்ஜ் ஏறாமை. அப்போது மீட்க வழி உண்டு. குறைந்த மின்னோட்டத்தில் நீண்ட நேரம் சார்ஜ் ஏற்றுவது, அறைகள் அனைத்தும் சமநிலைக்கு வரும் வரை கட்டுப்பாட்டுடன் மிகைச் சார்ஜ் கொடுப்பது, துடிப்பு முறையில் மின்னோட்டம் செலுத்துவது ஆகியவை நடைமுறையில் உள்ள வழிகள். பிறகு, சுமை கொடுத்து எத்தனை ஆம்பியர்-மணி நேரம் தாங்குகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். புதிதாக இருந்தபோது தாங்கிய அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போய்விட்ட பேட்டரியைப் பொதுவாக ஆயுள் முடிந்ததாகக் கருதுவது தொழில்துறை மரபு.

மீட்க முடியாதவையும் உண்டு. தகட்டிலிருந்து உதிர்ந்து அடியில் வண்டலாகச் சேர்ந்த ஈயப் பொருள் மீண்டும் தகட்டில் ஒட்டாது. அரித்துப்போன சட்டகம் வலுப்பெறாது. உள்ளே தகடுகள் ஒன்றோடொன்று உரசி மின்கசிவு ஏற்பட்ட அறைக்கு மருந்து இல்லை. எப்சம் உப்பையோ, கடையில் விற்கும் மாயப் பொடியையோ போட்டால் பேட்டரி புதிதாகிவிடும் என்ற விளம்பரங்களை நம்பி ஏமாறுவோர் பலர். நீர் குறைந்த பேட்டரியில் அமிலத்தை ஊற்றுவது இன்னொரு பரவலான தவறு. ஆவியாவது நீரே தவிர அமிலம் அன்று. எனவே நீரைத்தான் ஊற்ற வேண்டும். அமிலத்தை ஊற்றினால் அடர்த்தி கூடி, சில நாள்கள் வீரியமாக இருப்பது போலத் தோன்றிவிட்டுத் தகடு அரித்துப் போகும்.

ஆகவே, இந்தத் தொழிலின் நேர்மை, எதைச் சீர்செய்ய முடியாது என்று வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்வதில்தான் இருக்கிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

எட்டு மாதத்தில் ஓயும் ஒரு தொகுப்பு, ஒழுங்கான பராமரிப்பால் பன்னிரண்டு மாதம் உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டில் மூன்று தொகுப்பு வாங்க வேண்டிய ஓட்டுநர், இரண்டு வாங்கினால் போதும். மிச்சமாகும் ஒரு தொகுப்பின் விலையில் ஒரு பகுதியைப் பராமரிப்பாளருக்கு மாதக் கட்டணமாகத் தந்தாலும் ஓட்டுநருக்கு லாபமே. ஒருமுறை சீர்செய்து கூலி வாங்கும் வேலையைவிட, ஐம்பது, நூறு வண்டிகளை மாத ஒப்பந்தத்தில் எடுத்து, வாரம் ஒரு முறை நீரும் அடர்த்தியும் பார்க்கும் வேலையே நிலையான வருமானம் தருவது. இ-ரிக்ஷாக்கள் இரவில் கூட்டாக நிறுத்தி சார்ஜ் ஏற்றும் கொட்டகைகள் இதற்கு ஏற்ற இடங்கள்.

பேட்டரி மீதான சரக்கு மற்றும் சேவை வரியும் இந்தக் கணக்கில் பங்கு பெறுகிறது. ஈய-அமில பேட்டரிக்கு 28 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. புதிய பேட்டரியின் விலை குறையும்போது, சீர்செய்யும் கூலிக்கும் அதற்கேற்ற உச்சவரம்பு வந்துவிடுகிறது. மறுபக்கம், ஆண்டு வருவாய் ரூ.20 லட்சத்துக்குள் இருக்கும் சேவைத் தொழிலுக்குப் பொதுவாக வரிப் பதிவு கட்டாயமில்லை என்பது சிறு பட்டறைகளுக்குச் சாதகம்.

இ-ரிக்ஷாவோடு இந்தச் சந்தை முடிந்துவிடவில்லை. தில்லி - ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையை ஒட்டி குருகிராம், பட்டோடி, பிலாஸ்பூர் பகுதிகளில் பெருகியுள்ள கிடங்குகளில் சரக்கைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள், விமான நிலையத்தில் பெட்டிகளை இழுக்கும் மின் வண்டிகள், ரயில் நிலையங்களில் முதியோரை ஏற்றிச் செல்லும் பேட்டரி கார்கள் ஆகியவற்றுக்கும் இதே தேவை உண்டு. ஃபோர்க்லிஃப்ட்டின் பேட்டரி, இரும்புப் பெட்டிக்குள் 2 வோல்ட் அறைகளைத் தனித்தனியே அடுக்கியது. 48 வோல்ட்டுக்கு 24 அறைகள். ஒன்று கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். நன்கு பராமரித்தால் ஐந்து ஆண்டு வரை உழைக்கக்கூடியது. எனவே, சீர்செய்யும் தொழிலுக்கு மிகவும் பொருத்தமானது இந்த வகைதான். ஆனால், நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள இவற்றைக் கையாள பளுதூக்கியும் பயிற்சியும் அவசியம்.

காயலான் கடையில் தொடங்கும் ஆபத்து

சீர்செய்ய முடியாத பேட்டரி எங்கே போகிறது என்பதில்தான் இந்தத் தொழிலின் மறுபக்கம் தெரிகிறது. ஈயத்துக்கு எப்போதும் விலை உண்டு. ஆகவே பழைய பேட்டரி குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை. காயலான் கடைக்குப் போகிறது. அங்கிருந்து பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்குச் சென்றால் நல்லது. பெரும் செலவில் புகை வடிகட்டியும் அமிலச் சுத்திகரிப்பும் அமைத்துள்ள ஆலையைவிட, அவை எதுவும் இல்லாத உலைக்காரரால் பழைய பேட்டரிக்குக் கூடுதல் விலை தர முடிகிறது. நேர்மையான ஆலை விலைப்போட்டியில் தோற்பது இதனால்தான்.

முறைசாரா உலைகளில் பேட்டரியைக் கோடரியால் பிளந்து, அமிலத்தைச் சாக்கடையில் கொட்டி, தகடுகளைத் திறந்த உலையில் உருக்குகின்றனர். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் இதற்குப் பெரிய உலைகூடத் தேவையில்லை. எழும் புகையும் தூசும் சுற்றுப்புற மண்ணில் படிகின்றன. தொழிலாளியின் உடையில் ஒட்டி அவர் வீடு வரை செல்கின்றன. மண்ணில் விளையாடி, கையை வாயில் வைக்கும் குழந்தைகளே முதலில் பாதிக்கப்படுகின்றனர்.

ரத்தத்தில் ஈயம் இவ்வளவு வரை இருக்கலாம் என்ற பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. யுனிசெஃப் அமைப்பும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 80 கோடி குழந்தைகள் வரை ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயத்துடன் வாழ்வதாக மதிப்பிட்டது. அவர்களுள் ஏறத்தாழ 27.5 கோடிப் பேர் இந்தியக் குழந்தைகள். முறைகேடான பேட்டரி மறுசுழற்சி இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்றும் அந்த அறிக்கை சுட்டிக்காட்டியது. ஈயம் குழந்தைகளின் அறிவுத்திறனைக் குறைக்கிறது. இழந்ததை மருந்தால் மீட்க முடியாது.

1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஈய நஞ்சைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில்சார் நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால், பத்துப் பேருக்கும் குறைவானோர் வேலை செய்யும் பட்டறைகள் பொதுவாக அச்சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. நஞ்சு அதிகம் புழங்கும் இடத்தில் சட்டம் இல்லாமல் போனது.

விதிகள் இருந்தும்...

பேட்டரிகளுக்கென்றே தனி விதிகள் 2001-ல் வந்தன. புதிய பேட்டரி விற்கும்போது பழையதைத் திரும்பப் பெற வேண்டும்; விற்ற எண்ணிக்கையில் முதல் ஆண்டு 50 சதவீதம், இரண்டாம் ஆண்டு 70 சதவீதம், அதன் பின் 90 சதவீதம் திரட்ட வேண்டும் என்றன அந்த விதிகள். இருந்தும் முறைசாரா உலைகள் அணையவில்லை.

அவற்றுக்கு மாற்றாக, 2022 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளை வெளியிட்டது. சந்தையில் விற்ற பேட்டரிகளைத் திரட்டி மறுசுழற்சி செய்யவோ சீர்செய்யவோ வைப்பது உற்பத்தியாளரின் பொறுப்பு என இவை அறிவித்தன. சீர்செய்தலை மறுசுழற்சியோடு சேர்த்துச் சட்டபூர்வமான வழியாக ஏற்றுக்கொண்டது இவ்விதிகளின் வரவேற்கத்தக்க அம்சம். கழிவு பேட்டரியைச் சீர்செய்வோர், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளம் வழியாக மாநில வாரியத்திடம் பதிவு செய்ய வேண்டும். தில்லியில் அது மாசுக் கட்டுப்பாட்டுக் குழு. பதிவு பெற்றவர் கணக்கு வழக்கு வைத்து, முறையாக அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும்.

வாடகைக் கொட்டகையில் இருவரை வைத்துத் தொழில் நடத்தும் மிஸ்திரிக்கு இந்தப் பாதை எளிதன்று. பதிவு இல்லாததால் அவருக்குப் பெரிய கிடங்குகளின் ஒப்பந்தம் கிடைப்பது கடினம். வங்கிக் கடனும் எட்டாது. அவர் கழித்துப் போடும் பேட்டரியும் பதிவு பெற்ற ஆலைக்குச் செல்லாமல் கூடுதல் விலை தரும் உலைக்கே செல்கிறது. ஓட்டுநரின் பேட்டரிக்கு நீர் ஊற்றிப் பராமரிப்பவர், பழைய பேட்டரியை வாங்கிச் சீர்செய்து விற்பவர், பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குபவர் ஆகிய மூவரும் வேறு வேறு. முதல் வேலையில் ஆபத்து குறைவு. மூன்றாவது வேலை குடியிருப்புக்குள் இருக்கவே கூடாதது. மூவரையும் ஒரே கண்ணோடு பார்த்து, அவ்வப்போது சோதனை நடத்தி சீல் வைப்பதால், முதலாமவர் மறைவுக்குத் தள்ளப்படுகிறார். மூன்றாமவர் வேறு இடத்துக்கு மாறுகிறார்.

லித்தியம் வந்தால் எல்லாம் மாறுமா?

மத்திய அரசின் மானியக் கொள்கை ஈய-அமில பேட்டரியைக் கைவிட்டுப் பல ஆண்டுகளாகின்றன. 2019-ல் தொடங்கிய ஃபேம் இரண்டாம் கட்டத் திட்டமும், 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இ-டிரைவ் திட்டமும் மேம்பட்ட பேட்டரி கொண்ட வாகனங்களுக்கே மானியம் அறிவித்தன. எடை குறைந்த, நீண்ட ஆயுள் கொண்ட லித்தியம் பேட்டரிகள் இ-ரிக்ஷாக்களிலும் இடம்பெற்று வருகின்றன.

ஆனால், விலை குறைந்த வண்டியை வாங்குவோர் ஈய-அமில பேட்டரியையே தேர்ந்தெடுப்பதும், ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளில் அதுவே மீண்டும் மீண்டும் மாற்றப்படுவதும் தொடர்கின்றன. லித்தியத்துக்கும் பராமரிப்பு வேண்டும். அது அமிலமும் நீரும் பார்க்கும் வேலை அன்று; அறைகளின் சமநிலையைக் காக்கும் மின்னணுச் சுற்றைச் சோதிக்கும் வேலை. தவறாகத் திறந்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. இன்று பயிற்சியின்றி விடப்படும் மிஸ்திரி, நாளை அந்த வேலையையும் பயிற்சியின்றியே செய்வார் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

பாரம்பரியக் கைவினைஞர்களுக்காக 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள் இடம்பெற்றன. பேட்டரி பழுது பார்ப்பது அவற்றுள் இல்லை. 2015 முதல் நடைமுறையில் உள்ள முத்ரா திட்டத்தில், தொடக்க நிலையில் ரூ.50,000 வரை கடன் பெற வழி உண்டு. ஹைட்ரோமீட்டரும் நல்ல சார்ஜரும் பாதுகாப்புக் கருவிகளும் வாங்க இத்தகைய கடன் உதவும். ஆனால், கடனுக்கு முன் பயிற்சியும், பயிற்சிக்குப் பின் சான்றிதழும் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் சில வாரப் பயிற்சியாக இதைக் கற்றுத் தருவது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அன்று.

பராமரிப்பு மட்டும் செய்வோருக்கு எளிய ஒரு பக்கப் பதிவு; சீர்செய்து விற்போருக்குத் தொழிற்பேட்டைகளில் காற்றோட்டமும் அமிலத் தொட்டியும் கொண்ட பொதுக்கூடம்; உருக்கும் வேலைக்கு முழுக் கட்டுப்பாடு என்று மூன்று படிகளாக விதிகளை வகுக்கலாம். உற்பத்தியாளர்கள் தங்கள் சட்டக் கடமைக்காகப் பழைய பேட்டரிகளைத் திரட்டியே ஆக வேண்டும். அந்தப் பேட்டரிகள் முதலில் வந்து சேரும் இடம் மிஸ்திரியின் பட்டறை. அவரையே அதிகாரபூர்வ சேகரிப்பு முகவராக்கி, உலைக்காரர் தரும் விலைக்கு ஈடான தொகையை நிறுவனங்கள் தந்தால், சோதனைகளால் சாதிக்க முடியாததைச் சந்தையே சாதிக்கும்.

இ-ரிக்ஷாவைத் தடை செய்து, பின் சட்டத்தையே திருத்தி ஏற்றுக்கொண்ட அனுபவம் தில்லிக்கு உண்டு. லட்சக்கணக்கானோரின் பிழைப்பு அதில் இருந்தது என்பதே அன்று அரசுகள் சொன்ன காரணம். அதே வண்டியின் பேட்டரியை நம்பிப் பிழைப்போரையும் சட்டத்துக்குள் கொண்டு வருவது, அந்தப் பணியின் முடிக்கப்படாத பாதி. தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் அதன் விலையைக் கொடுப்பவர்கள், அந்த உலைகளின் அருகே வளரும் குழந்தைகள்.